மதுக்கரை வீட்டை வாடகைக்கு விட வேண்டாம்

கண்ணு,

சுதா இதைத் தபால்காரரிடம் வாங்கிக் கொடுத்ததும் நின்றவாக்கில் பிரிக்காதே. சாப்பிட்டுவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து படி. அம்மாவின் கையெழுத்தில் கடிதம் என்றதும் உனக்கு என்னென்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டேன், மாத்திரைகளைப் போட்டுக்கொண்டேன், என் புடவையை நானே துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். கொடி என் தலைக்கு மேலே இருக்கிறது. இரண்டு கையையும் தூக்கித்தான் போட்டேன். இதைப் படித்ததும் சுதா சிரிப்பாள், நீ நெற்றியைச் சுருக்குவாய்.

நேற்று போனில், வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டைப் பார்க்க ஒரு குடும்பம் வருகிறது என்றாய். பேங்கில் வேலை, ஒரே குழந்தை, அமைதியான ஆட்கள் என்றாய். நானும் "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான், நான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று தெரிந்தது. அவர்களை வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடு. இந்த வீட்டில் நான் இருக்கப் போகிறேன். முப்பத்து நான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், விடையை முதலில் எழுதிவிட்டு வழியைப் பிறகு காட்டுகிறேன். பிள்ளைகள் யாராவது இப்படி எழுதியிருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பேன். நீ குறைக்காமல் முழுதும் படி.

ஆபரேஷனைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்செலும்பை நடுவில் அறுத்ததையும், காலிலிருந்து நரம்பு எடுத்து அடைப்பைத் தாண்டித் தைத்ததையும், எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியதையும் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நீ பாதி டாக்டர் ஆகிவிட்டாய். அந்த ஆறு மணி நேரமும் நான் தூங்கினேன், நீதான் வெளியே விழித்திருந்தாய். அதனால் அது உன்னுடைய ஆபரேஷன் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். என்னுடையது சரவணம்பட்டியில், உன் வீட்டு சோபாவில், ஒன்பதாம் நாள் தொடங்கியது. மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். எழுந்திருக்கும்போது கையை ஊன்றவே கூடாது. இரண்டு கையையும் நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டு, முன்னால் நகர்ந்து, காலின் பலத்தில் எழ வேண்டும். வகுப்பில் எத்தனை பிள்ளைகளைக் கை கட்டி எழுந்து நிற்கச் சொல்லியிருப்பேன். அறுபத்தேழு வயதில் அத்தனை பேருக்கும் சேர்த்து நான் நின்றேன்.

அந்த நாட்களில் நீ எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. கையைத் தூக்க முடியாமல் தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தபோது, சுதா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், போனை ஜன்னலில் சாய்த்துவைத்து வீடியோ பார்த்துப் பார்த்து எனக்குச் சடை பின்னினாய். மூன்று முறை பிரித்துப் பின்னினாய். "வலிக்குதுங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். சடை கோணலாகத்தான் வந்தது. அன்று முழுக்க அதை நான் அவிழ்க்கவில்லை. ஆகவே, நீ என்னைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல்ல இந்தக் கடிதம் இல்லை. நீ அளவுக்கு மேலே நன்றாகப் பார்த்துக்கொண்டாய். அதற்குக் காரணம் என் தப்புதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் "வாங்க" என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அது பேச்சாக வரும். என்னைப் பார்க்க ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்தவர்களுக்கெல்லாம் நான் உட்கார்ந்தபடிதான் "வாங்க" சொன்னேன், மனசு கேட்காமல். மூன்றாவது வாரம் வெள்ளகோவிலிலிருந்து சுதாவின் அப்பா வந்தார். சம்பந்தி வந்து நிற்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னை அறியாமல் இரண்டு கையையும் சோபாவில் ஊன்றி எழுந்துவிட்டேன். எழுந்ததோடு விட்டேனா? ஓரத்தில் கிடந்த அந்தத் தேக்கு நாற்காலியை அவருக்காக இழுத்தும் போட்டேன்.

"நீங்க எதுக்குங்க எந்திரிக்கறீங்க, உக்காருங்க" என்றார்.

"அதெப்படீங்க சம்பந்தி, வந்தவங்களை வாங்கன்னு சொல்லாம" என்றேன்.

நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. கண் இருட்டியது. அப்போதாவது உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் காப்பி குடித்து, மழை இல்லாததைப் பேசி, முருங்கைக்காய்ப் பையைச் சுதாவிடம் கொடுத்து, "வாரேனுங்க, ஒடம்பைப் பாத்துக்கங்க" என்று புறப்படும்வரை முக்கால் மணி நேரம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். அவர் லிஃப்டில் இறங்கிய பிறகுதான் உன் கையைப் பிடித்தேன். என் கை ஈரமாக இருந்தது என்று நீ பிறகு சொன்னாய். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்லவேளை, எலும்பும் கம்பியும் அசையவில்லை, வெறும் தசைப்பிடிப்புதான் என்றார்கள். டாக்டர், "வந்தவங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாங்கம்மா, நீங்க உக்காந்தே பேசுங்க" என்றார். காரில் வீட்டுக்கு வரும்போது உன் காது சிவந்திருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஆறு மாதம் மூச்சு வாங்கியதை "கேஸ் டிரபிள்தான் கண்ணு" என்று நான் மறைத்ததும் உன் நினைவுக்கு வந்திருக்கும். அம்மா வலியைச் சொல்ல மாட்டாள், ஆகவே நாம்தான் அவளைக் காவல் காக்க வேண்டும் என்று அந்தக் காரில்தான் நீ முடிவெடுத்தாய். உன்னைக் குறை சொல்ல முடியுமா?

அதற்குப் பிறகு தண்ணீர் டம்ளர் என் கைக்கு வந்தது. சாப்பாடு மடிக்கு வந்தது. பாத்ரூம் கதவைத் தாழ் போடக் கூடாது என்றாய். செக்கப்புக்குப் போனால் லிஃப்டிலிருந்து காருக்கே வீல்சேர். காலையிலும் மாலையிலும் நடக்கச் சொல்லியிருந்த நடையை, "அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்கம்மா" என்று தள்ளித் தள்ளி வைத்தாய். நானும் குற்ற உணர்ச்சியில் எதற்கும் சரி சரி என்றேன். நீயாக என்னை அடக்கவில்லை. நீ பயத்தில் செய்தாய், நான் மரியாதைக்கு இருந்தேன். இப்படி ஆறு வாரம்.

அந்த ஆறு வாரத்தின் முடிவில் செக்கப்புக்குப் போனோம். இருதயம் நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். நீ மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போனாய். அந்த நேரத்தில் பிசியோதெரபி பார்க்கிற ஷீபா என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னாள். இரண்டு முறை எழுந்தேன். மூன்றாவது முறை இடுப்பு நாற்காலியை விட்டு எழும்பவே இல்லை. தொடை நடுங்கியது.

ஷீபா நாற்காலி கையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அம்மா, ஹார்ட்டு பாஸ் ஆயிருச்சுங்க. கால்தான் ஃபெயிலு. யாருங்க உங்களை இப்படி உக்கார வெச்சது?"

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க" என்றேன்.

"அதாங்க நானும் சொல்றேன்" என்றாள்.

அன்று திரும்பி வரும்போது நீ ஏசியைக் குறைக்கட்டுமா என்று இரண்டாம் முறை கேட்டபோதுதான் எனக்குக் காதில் விழுந்தது. நான் உன் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். இரண்டே மாதத்தில் கால் திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது. கைதான் சொன்னதைக் கேட்கவில்லை. அவர் வேலையை அவரையே செய்யவிடுங்கள், எத்தனை நேரம் ஆனாலும் விடுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன். காலையில் அவர் சட்டை போட்டுக்கொள்வார். முதல் பட்டனைத் துளையில் நுழைக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆகும், ஐந்து பட்டனுக்குப் பத்து நிமிடம். எனக்கோ ஸ்கூலுக்கு பஸ் பிடிக்க வேண்டும். "நேரமாச்சுங்க" என்று நானே போட்டுவிடுவேன். "உடு, நானே போட்டுக்கறேன்" என்று முதல் வாரம் சொன்னார். இரண்டாவது வாரமும் சொன்னார். பிறகு சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, நெஞ்சைக் காட்டியபடி, நான் அடுப்படியிலிருந்து வரும்வரை கட்டிலில் உட்கார்ந்திருப்பார். சவரமும் நான்தான் செய்தேன். சோறும் பிசைந்து கொடுத்தேன். ஊரெல்லாம் என்னைப் பாராட்டியது. "டீச்சரம்மா புருசனைக் கொழந்தை மாதிரி பாத்துக்கறாங்க" என்று. பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வருடம் இருந்தார். அந்த மூன்று வருடத்தில் அவர் ஒரு பட்டன்கூடத் தானாகப் போட்டுக்கொள்ளவில்லை.

வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்றால் அரைமணி நேரம் பக்கத்தில் நிற்பேன். பென்சிலை வாங்கி நானே போட்டுக் கொடுத்தால் கணக்கு முடியும், ஆனால் பிள்ளைக்கு வராது என்று எனக்குத் தெரியும். யார் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ வந்த அந்தப் பொறுமை, என் வீட்டுக் கட்டிலில் பத்து நிமிடத்துக்கு வரவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா என்மேல் கோபப்பட்டதும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவர் கொடுக்காத கோபத்தை உனக்கு நான் கொடுக்காமல் விட்டால், இன்னும் பத்து வருடம் கழித்து நீயும் எங்காவது ஒரு காரில் உட்கார்ந்து இதையே நினைப்பாய்.

மறுநாளிலிருந்து நீ கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருக்கும்போதெல்லாம் நான் உன் மாடி வராண்டாவில் நடந்தேன். சுதாவுக்குத் தெரியும். அவள்மேல் கோபப்படாதே; "அத்தே, செருப்புப் போட்டுட்டு நடங்க, வழுக்குது" என்று மட்டும்தான் சொன்னாள். நடந்துகொண்டே பேச முடிந்தால் வேகம் சரி, பேச்சு திக்கினால் குறைக்க வேண்டும் என்று ஷீபா சொல்லியிருந்தாள். தனியாக நடக்கிறவள் யாரிடம் பேசுவது? பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். முதல் நாள் ஐந்து பதினேழு எண்பத்தைந்திலேயே மூச்சு முட்டியது. நின்றேன். பதினைந்து நாளில் வாய்ப்பாடு முழுவதையும் சொல்லிக்கொண்டு வராண்டாவை ஆறு முறை சுற்றினேன். உங்கள் செக்யூரிட்டிக்காரர் மாடிக்கு வந்தவர் கேட்டார்: "ஏனுங்கம்மா, யாருக்குங்க டியூசன்?" "எனக்கேதானுங்க" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தார்.

மூன்று மாதம் முடிந்து, எலும்பு கூடிவிட்டது, வீட்டு வேலை எல்லாம் பழகலாம், கனமானதை மட்டும் பார்த்துத் தூக்குங்கள் என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். இருந்தும் வராண்டாவில் நடக்க மட்டும்தான் சரி என்றாய். அதற்கு அடுத்த மாதம்தான், நீ வாடகைக்கு விடலாம் என்ற மதுக்கரை வீட்டைக் காலிசெய்ய நான்கு நாள் போய்வருகிறேன் என்று சுதாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். உன்னிடம் சொல்லாமல் வந்தது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காந்திபுரத்தில் இறங்கி, நிழலில் கால்மணி நேரம் உட்கார்ந்து, பஸ் மாறினேன். ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். குனியமுத்தூர் தாண்டும்போது உன் போன் வந்தது.

"எங்கீங்கம்மா இருக்கறீங்க?"

"பஸ்ஸுல கண்ணு."

"அறிவிருக்குதுங்களாம்மா உங்களுக்கு? உளுந்துகிழுந்து போனா யாருங்க பாப்பாங்க?"

நீ கத்தியது பக்கத்து சீட்டுக்காரிக்கும் கேட்டிருக்கும். அந்தக் கோபத்திலும் ஒரு இடத்தில்கூட உன் 'ங்க' குறையவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் கடைசியாக நீ சொன்ன ஒன்றுக்கு நான் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பெத்தவளைத் தனியா உட்டுப்போட்டான்னு நாலு பேரு என்னைத்தானுங்கம்மா கேப்பாங்க" என்றாய். உன் பயம் என் இருதயத்தைப் பற்றி மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான்கு நாள் என்று வந்தவள் இன்றோடு பத்தொன்பது நாள் இருக்கிறேன். எல்லாம் சுலபமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு நாள் வீடு பெருக்குவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தேன். இப்போது அறை அறையாகப் பெருக்குகிறேன், நடுவில் பேப்பர் படிக்கிறேன். வாளியில் பாதித் தண்ணீர்தான் பிடிக்கிறேன். இரண்டு நடை நடந்தால் அது நடைப்பயிற்சிக் கணக்கில் சேர்கிறது. மாவு கடையில் வாங்குகிறேன். மொட்டைமாடிக்கு ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறுகிறேன். ஒரு மத்தியானம் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அழுதுவிட்டுத் தூங்கினேன். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அப்படி வரும் என்று ஷீபா முன்பே சொல்லியிருந்தாள்.

இனி நான் எழுதப் போவதை நிதானமாகப் படி. எட்டாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து வெடுக்கென்று எழுந்தேன், தலை சுற்றியது. உடனே தரையில் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். பழைய நானாக இருந்தால் சுவரைப் பிடித்து எழுந்து, காப்பி வைத்து, யாராவது கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்றிருப்பேன். அன்று போனை எடுத்து எதிர்வீட்டுச் சரோஜாவைக் கூப்பிட்டு, "தலை சுத்துது சரோஜா, கொஞ்சம் வா" என்றேன். முப்பது வருடப் பழக்கத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தவள், "டீச்சரு, நீங்க வாய் தொறந்து கூப்புடுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்க" என்று அழுதுவிட்டாள். அவளைத் தேற்றத்தான் எனக்கு நேரம் ஆனது. பிறகு டாக்டருக்குப் போன் செய்தோம். பிரஷர் மாத்திரை ஒன்றைப் பாதியாக்கினார். உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, இருபது எண்ணிவிட்டு எழுந்திருங்கள் என்றார். அதன் பிறகு சுற்றவில்லை.

அன்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டாய். தனியாக இருப்பது என்றால் யாரையும் கூப்பிடாமல் இருப்பது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கூப்பிடத் தெரிந்தவளால்தான் தனியாக இருக்க முடியும். வலித்தால் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லக் கற்றுக்கொண்டேன். இதற்கு நெஞ்சைப் பிளக்க வேண்டியிருந்தது என்பதுதான் கொஞ்சம் அதிகம்.

ஆகையால் நாம் ஒரு உடன்பாட்டுக்கு வருவோம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்பிடுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன், தலைசுற்றல் முதற்கொண்டு. அந்த நேரத்துக்கு மேல் கால்மணி நேரம் தாண்டினால் நீ சரோஜாவைக் கூப்பிடு. செக்கப்புக்கு நீ வா, அது எனக்கும் ஆசை. ஒரு நாள் என்னால் முடியாது என்று ஆனால், உன்னிடம் நானே வந்து சொல்வேன். நான் ஓட்டக் கூடாது என்று நீ எடுத்துக்கொண்டுபோன என் ஸ்கூட்டர் சாவியைப் பற்றி இப்போது பேசவில்லை. ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.

இனி அந்த நாலு பேர். நாளைக்கே எனக்கு ஏதாவது ஆகலாம். அது உன் சோபாவிலும் ஆகியிருக்கும், ஆஸ்பத்திரி வாசலிலும் ஆகியிருக்கும். ஆனால் அது நீ என்னைத் தனியாக விட்டதால் வந்தது இல்லை. இங்கே இருக்க விரும்பியவள் நான், கேட்டவள் நான், என் மகன் மனசில்லாமல்தான் சம்மதித்தான். என் புத்தி தெளிவாக இருக்கும்போது, என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன். துக்கத்துக்கு வந்த இடத்திலோ கல்யாணப் பந்தியிலோ யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், அவர்களோடு வாதாடாதே. இந்தத் தாளை எடுத்துக் கொடு. அதற்காகத்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதினேன்.

தபால் ஆபீஸ் இங்கிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் போய் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிட்டு வருகிறேன். சரோஜா துணைக்கு வருகிறேன் என்றாள். போகும்போது வேண்டாம், வரும்போது களைப்பாக இருந்தால் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா